பத்து நிமிஷ வேலை

கீழே இறங்கும் அம்புக்குறிப் பொத்தானை அமுக்க எழில் மறந்துவிட்டான். கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வந்து நின்றன. ஓரத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ அழுதுகொண்டே வரும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மாப்ள, போட்டோ ஆச்சா?" அக்கா வீட்டுக்காரர் ரவிக்குமார் கடை வாசலில் வந்து நின்றார். "ஃப்ளெக்ஸ்காரன் ரெண்டு தடவ கூப்புட்டுப்போட்டான்."

"ஒரு நிமிஷமுங்க மச்சான். வேற பக்கம் போயிருச்சு. ஆஃப் பண்ணி மறுபடி போடோணும்."

"அட, அந்தக் கெரகமா? மாமா தெனமும் அதோட மல்லுக்கட்டுவாரே."

ரவிக்குமார் ஒன்றும் குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எழிலுக்குக் காது மடல் சுட்டது. செத்துப்போன மனுஷன் அடுத்த அறையில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, அவர் தினமும் பட்ட பாட்டை இப்போது மகன் பட்டுக்கொண்டிருந்தான். படட்டும். படவேண்டியவன்தான்.

கடை என்றால் பெரிய கடையெல்லாம் இல்லை. வீட்டின் முன்னறைக்கு ஒரு ஷட்டர் போட்டு, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, இந்தக் கம்ப்யூட்டர் ஒன்று. மில் மூடிய பிறகு அப்பா சுப்பையன் ஆனைமலையில் இப்படித்தான் காலம் தள்ளினார். ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிரிண்ட் அவுட். கம்ப்யூட்டர் எழில் காலேஜில் படித்தபோது வாங்கியது. அப்போது அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றி வைத்தான். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். எதற்கு என்றால், கூடப் படித்தவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள், இவனும் வைத்தான். வேலை கிடைத்துக் கோயமுத்தூர் போனதும் புது லேப்டாப் வாங்கிக்கொண்டான். பழையது அப்பாவுக்கு வந்தது, இரண்டு குடித்தனத்தோடும்.

ஆன் செய்தால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அது கேட்கும். எண் முடிவதற்குள் கடைசி வரிக்கு இறங்கி விண்டோஸைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் லினக்ஸுக்குள் போய்விடும், அங்கே போனால் பிரிண்டர் வேலை செய்யாது. சுப்பையன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஊதுவத்தி கொளுத்தப் போவார். திரும்பி வருவதற்குள் அது போயிருக்கும். "இருங்க கண்ணு, எம்பையன் படிச்சதெல்லாம் அந்தப் பக்கத்துல இருக்குது. அணைச்சுப் போட்டா வந்துரும்," என்பார் காத்திருப்பவர்களிடம். அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அம்பு எது என்று கண்ணுக்குத் தெரிய, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அந்தப் பொத்தானில் ஒட்டி வைத்திருந்தார்.

"அந்த ரெண்டாவத எடுத்துப்போடேன் கண்ணு."

"அடுத்த தடவ வாரப்ப எடுத்தர்றனுங்கப்பா. பத்து நிமிஷ வேலை."

அடுத்த தடவை எத்தனையோ வந்தது. பொங்கல் வந்தது, மாசாணியம்மன் குண்டம் திருவிழா வந்தது. எழிலும் வந்தான், தின்றான், தூங்கினான், உக்கடம் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தான்.

இரண்டாம் தடவை விண்டோஸ் ஒழுங்காக வந்தது. பாஸ்போர்ட் போட்டோக்களுக்கு நடுவில் அப்பாவும் இருந்தார். கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தன்னையே எடுத்துக்கொண்ட படம். சட்டையின் மேல்பட்டன் வரை போட்டு, யாரோ அதட்டி உட்காரவைத்த மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தார். எழில் அதை ரவிக்குமாரின் போனுக்கு அனுப்பினான்.

உள்ளே ஒப்பாரி தொடங்கியிருந்தது. அப்பாவின் தங்கை பழனியாத்தாளுக்கு மணிக்குரல். ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் சொல்ல, மற்ற பெண்கள் வாங்கிச் சொன்னார்கள்.

"சாப்புட்டயா கண்ணுன்னு சன்னமாக் கேட்டீங்களே, சாயங்காலம் தீருமுன்னே சாஞ்சு போனீங்களே... பெத்த மவன் கொரலக் கேட்டுப்போட்டுக் கண்ண மூடுனீங்களே, எம் பொறப்பே..."

எழில் கடையை விட்டு நகரவில்லை. அந்த வரி வரும்போதெல்லாம் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றால் அது பொய். அத்தை சொன்ன பொய் இல்லை, அவன் சொன்னது.

முந்தின ராத்திரி அவன் வந்து இறங்கியதும் அக்கா இனியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கையில் அப்பாவின் போன் இருந்தது. "கடைசியா உன்ற பேருதாண்டா இருக்குது. உனக்குத்தாண்டா கூப்புட்டிருக்காரு. என்ன சொன்னாரு? அப்பா என்னடா சொன்னாரு?" அம்மா பூவாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வீடு முழுக்க ஒறம்பரைச் சொந்தங்கள். எல்லார் முகமும் அவன் பக்கம் திரும்பியது. நினைத்துப் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சாப்புட்டயான்னு கேட்டாருக்கா."

அவ்வளவுதான், வீடே கதறியது. பழனியாத்தாள் அப்போதே அதை ராகத்தில் போட்டுவிட்டாள்.

நடந்தது வேறு. நேற்றுக் காலையில் சுப்பையன் கூப்பிட்டது உண்மை. "இன்னிக்கும் அங்கதா போயிருச்சு கண்ணு," என்றார். எழில் எரிந்து விழுந்தான். "ஒரு பட்டன அமுக்கறதுக்கு என்னங்கப்பா கேடு உங்களுக்கு? எத்தன தடவ சொல்றது? ஆபீஸ்ல மானம் போகுது." "செரி கண்ணு, நீ வேலையப் பாரு," என்று வைத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில், அவன் மீட்டிங்கில் இருந்தபோது, மறுபடியும் அப்பா என்று திரையில் வந்தது. கம்ப்யூட்டர்தான் என்று நினைத்தான். கட் செய்தான். மறுபடி வந்தது, கட் செய்தான். மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கும்படி உச்சுக்கொட்டிவிட்டுக் கட் செய்தான். அடுத்து வந்தது ரவிக்குமாரின் போன்.

அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். வந்து பார்க்கும்போது அப்பா கடையில் கம்ப்யூட்டர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாராம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முடிந்துவிட்டது என்றுவிட்டார்கள். இப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

அந்த மூன்று அழைப்பில் ஒன்றை எடுத்திருந்தால்? பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொள்ளாச்சியில் இருந்த மச்சானை அனுப்பியிருக்கலாம். குறைந்தபட்சம் அந்த மனுஷன் யார் குரலையாவது கேட்டிருப்பார். எழிலுக்கு அழுகை வரவில்லை. அழ என்ன யோக்கியதை இருக்கிறது என்று இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் மாசாணியம்மன் கோயில் திருப்பத்தைத் தாண்டியபோது, ஈரச் சேலையோடு நாலு பெண்கள் நின்று வழிவிட்டார்கள். மிளகாய் அரைக்க வந்தவர்கள். தங்களுக்குக் கெடுதல் செய்தவனை அம்மன் கேட்கட்டும் என்று அரைப்பார்கள். எழில் தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே நடந்தான்.

எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்துக் கரையேறும்போது அவனுக்கு இதற்குமேல் தாங்கவில்லை. "மச்சான், அப்பா எங்கிட்ட..." என்று ஆரம்பித்தான். ரவிக்குமார் அவன் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டினார். "அழுகாத மாப்ள. உங்கிட்டப் பேசிப்போட்டுத்தான போனாரு. அந்தக் குடுப்பின ஆருக்கு வரும்? உங்கொக்காதா பாவம். ராத்திரியெல்லாம் ஒரே பாட்டு. எனக்குப் போடலயே, இருவது நிமிஷத்துல ஓடியாந்திருப்பனே, எங்கப்பனுக்கு மவன்தான் பெருசாப் போயிட்டானான்னு."

எழில் வாயை மூடிக்கொண்டான். பொய் தன்னோடு நிற்கும் என்று நினைத்தான். அது அக்காவையும் போய்க் கடித்திருக்கிறது.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு வீடு கொஞ்சம் அடங்கியது. இனியா உள்ளறையில் அசந்து கிடந்தாள். எழில் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான். இந்தத் தடவை வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனான். அழிப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் அல்லவா. ப்ராஜெக்ட் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் முடிக்காத இரண்டு பக்கம், யாரோ அனுப்பிய கிரிக்கெட் படம் ஒன்று. எம்பையன் படிச்சதெல்லாம் அந்தப் பக்கத்துல இருக்குது என்று அந்த ஆள் கட்டிக் காத்தது இந்தக் குப்பையைத்தான். ஒரு தடவை பேச்சுவாக்கில், அதுல என்ற ப்ராஜெக்ட் இருக்குதுங்கப்பா என்று சொன்னதன் பலன்.

வேலையில் ஒன்றும் சூட்சுமம் இல்லை. கம்ப்யூட்டர் முதலில் எட்டிப் பார்க்கிற வாசலை விண்டோஸ் பக்கமாகத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றதை அழிக்கவேண்டும். வரிசை மாறினால் இரண்டுமே திறக்காது. பையில் இருந்த பென்டிரைவைச் செருகி வாசலைத் திருப்பினான். லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தான். காலியான இடத்தை விண்டோஸ் பக்கத்தோடு சேர்த்தான். பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய காப்பி டம்ளரில் இன்னும் சூடு இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எடுத்துப்போட்டயா கண்ணு?"

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துட்டனுங்கம்மா."

"இனி கேக்காதா?"

"கேக்காதுங்க." அவன் பென்டிரைவை உருவிப் பைக்குள் போட்டான். "அம்மா, நா ஒண்ணு சொல்லோணும். அப்பா எங்கிட்டச் சாப்புட்டயான்னு..."

"தெரியும் சாமி."

எழில் நிமிர்ந்தான். பூவாத்தாள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நா பொறகால துணி தொவைக்கல. இங்கதா இருந்தன், இதே முக்காலில. அவருக்கு வேர்த்து ஊத்துச்சு, சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நாந்தா போனை எடுத்து உனக்குப் போட்டன். அவரு வேண்டாம்னாரு. வேலையா இருப்பான், போடாதன்னாரு. நாங் கேக்கல. கட்டாச்சு. மறுக்காப் போட்டன். அதும் கட்டாச்சு."

"அம்மா..."

"மூணாவதும் கட்டானதீம் அவரு என்ற கையப் புடிச்சுப்போட்டாரு. விடு பூவாத்தா, இந்த மெஷினுக்குத்தான்னு நெனச்சுக்குவான்னாரு. அவ்வளவுதா. அதுக்கப்பறம் பேச்சு வல்ல."

எழில் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். இரண்டு நாளாக வராத அழுகை, சத்தம் வெளியே போகாமல் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதான். பூவாத்தாள் அவனைத் தொடவில்லை. அவளுடைய பாரம் அவளுக்கு இருந்தது.

"ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மா கேட்டுது, கொஞ்சம் முன்னால வரக்கூடாதான்னு. மூணு தடவ உனக்குப் போட்ட நேரத்துக்கு நா மொதல்லயே ரோட்டுக்கு ஓடியிருக்கோணுமல்ல? தெருவுல ஆட்டோ நின்னுக்கிட்டுத்தா இருந்துது கண்ணு. அத நா ஆருகிட்டச் சொல்றது? அதுதா பொறகால இருந்தன்னு சொல்லிப்போட்டன்."

"நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க? எடுக்காதவன் நானு. அக்காகிட்ட இன்னிக்குச் சொல்லீர்றனுங்க. என்னய அடிக்கட்டும், பேசாம இருக்கட்டும். அவ அப்பாவக் கோவிச்சுக்கிட்டுக் கெடக்கறா."

வாசலில் கார் வந்து நின்றது. கொடுமுடியில் இருந்து அப்பாவின் பெரியப்பா மகன் அரங்கசாமி, வீட்டுக்காரியும் மகளும் மருமகனுமாக. நேற்று வர முடியாமல் போனவர்கள். பழனியாத்தாள் ஓடிவந்து அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடியும் குரலெடுத்தாள். சத்தத்தில் இனியா எழுந்து, வீங்கிய முகத்தோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

அரங்கசாமி எழிலின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா உங்கிட்டப் பேசினாராமா சாமி. என்னப்பா சொன்னாரு எந்தம்பி?"

எழில் அக்காவைப் பார்த்தான். சொல்லிவிட வேண்டியதுதான். "இல்லீங்க பெரியப்பா..."

"சாப்புட்டயான்னு கேட்டாருங்க," என்றாள் பூவாத்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "சாப்புட்டனுங்கப்பான்னு இவன் சொன்னானாமா. செரி கண்ணு, வெய்யி, அடுத்து இனியாவுக்குப் போடோணும், அவகிட்டப் பேசி ரெண்டு நாளாச்சுன்னாராமா. அதுக்குள்ளதா இப்படி ஆகிப்போச்சுங்க."

நிலைப்படியில் இனியா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்படியாடா சொன்னாரு? நேத்தே சொல்லக்கூடாதா, பாவி. எம்பேரச் சொன்னாராடா?"

அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஆமாங்க்கா," என்றான் எழில். "சொன்னாரு."

இனியா ஓவென்று அழுதாள். பழனியாத்தாள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, புதிதாகக் கிடைத்த அந்த வார்த்தையையும் சேர்த்துப் பாட ஆரம்பித்தாள்.

வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி போதவில்லை. எழில் கடைக்குள் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, துண்டால் ஒரு தட்டுத் தட்டி, பெரியப்பாவுக்குப் போட்டான்.