பின்னால் வருகிறவன்

...இல்லை, டீசல் நாசில் சத்தம் இல்லை இது, நாசில் போனால் வண்டி உதறும், புகை கறுத்துப் போகும், இது உதறவில்லை, இழுவையிலும் குறையில்லை, ஆனால் காலுக்குக் கீழே எங்கேயோ டொக்... டொக்... என்று, பூட்டின கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பரசுராமன் கிளட்சை ஒரு நொடி மிதித்துப் பார்த்தார். தட்டல் நிற்கவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸ் இல்லை, ஜாயின்ட் ஷாப்டும் இல்லை, சக்கரத்தோடு வருகிற சத்தமே இல்லை, இன்ஜினோடு வருகிறது... கவரைப்பேட்டை சிக்னலில் நின்று எடுத்தபோது முதலில் கேட்டது, அப்புறம் கொஞ்ச தூரத்தில் தானாக அடங்கியது, அடங்கியதும் பிரமை என்று விட்டுவிட்டார், இப்போது ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டதும் மறுபடியும். வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒருநாளும் கேட்டதில்லை. பாரம் ஏறினால்தான் சில நோய் வெளியே தெரியும். இன்றைக்கு ஏறியிருக்கிற பாரம் கொஞ்சமா, அவருடைய ரெக்கவரி வண்டிக்குப் பின்னால் இரும்புத் தண்டில் கட்டி இழுத்து வருவது ஒரு முழு லாரி, கும்மிடிப்பூண்டி ஆலையில் ஏற்றின கட்டடக் கம்பிகளோடு இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுபோன லாரி, அதன் ஸ்டியரிங்கில் அவருடைய மருமகன் குணா.

அவன் வண்டி என்று போனில் சொல்லியிருந்தால் வந்திருப்பாரா? லாரி ஓனர் சொல்லவில்லை, திருவள்ளூர் குடோன் வரைக்கும் இழுக்கணும் என்று மட்டும் சொன்னார். போய் இறங்கினால் புளியமரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து, வாங்க மாமா என்றான். வந்தேன் என்றார். வண்டிக்கு அடியில் படுத்து, காற்றில்லாமல் பின்சக்கரங்களைப் பிடித்திருந்த பிரேக்கை போல்ட் முறுக்கி விடுவித்தது அவரேதான், விடுவிக்காவிட்டால் உருளாது, விடுவித்தால் நிற்காது. இப்போது அவனிடம் இருப்பது ஸ்டியரிங் மட்டும். நிற்பதும் போவதும் இவர் காலில்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அத்தனை கம்பி, ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், முனையெல்லாம் அவன் பிடரியைப் பார்த்தபடி... திடீரென்று நின்றால் கம்பி நிற்காது, ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவனுக்கும் தெரியும். கண்ணாடியில் பார்த்தார். வெயில் அடித்த லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகளில் அடித்தது எது, வலதா? மகள் ஈஸ்வரிக்குப் போனது இடது காது, அப்படியென்றால் வலது கைதான், எதிரில் நின்று அடித்தால் வலது கை இடது காதில்தான் விழும். வழுக்கி விழுந்துட்டேன் நைனா, துவைக்கிற கல்லு மேல, என்றாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது, விழுந்தால் இப்படிக் கிழியாது என்றார் டாக்டர். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவன் வந்தான், அவனுடைய பெரியப்பாவோடு, பழத்தட்டோடு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான், குடிக்க மாட்டேன் என்றான், அவளேதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், யாரும் தள்ளவில்லை... தள்ளவில்லையா?

ஜனப்பன்சத்திரத்தில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தார், பிரேக்கை இரண்டு முறை அழுத்தினார், திரும்பி முடித்ததும் டொக் டொக் டொக். அப்போதுதான் கண் தானாக ஏர் கேஜுக்குப் போனது. முள் இறங்கியிருந்தது. பிரேக் போட்டால் காற்று செலவாகும், செலவான காற்றை நிரப்ப கம்ப்ரசர் ஓடும், அது ஓடும்போதுதான் தட்டுகிறது, முள் மேலே ஏறி டேங்க் நிரம்பினதும் கம்ப்ரசருக்கு வேலையில்லை, தட்டலும் இல்லை... அவ்வளவுதான், கண்டுபிடித்தாயிற்று, கம்ப்ரசர் பேரிங். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, எப்போதும் இருப்பதுதான். அடுத்த கணம் முள்ளைப் பார்த்தார். மெதுவாக ஏறியது, முன்பைவிட மெதுவாக. இன்னும் கொஞ்ச தூரத்தில் அது இறுகிப்போகலாம். இறுகினால் டேங்கில் மிச்சமிருக்கிற காற்று சில மிதிக்குத்தான் வரும், அதுவும் தீர்ந்தால் இவருடைய பின்சக்கரங்கள் தானாகவே பூட்டிக்கொள்ளும், இவர் நின்றுவிடுவார், ஒரு ஆபத்தும் இல்லை, சீட்டில் முன்னால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பின்னால் வருகிறவன்?

நிறுத்த வேண்டும். இடதுபுறம் எடைமேடை, அதன் முன்னால் விரிந்த மண் திடல், நிழல்கூட இருந்தது. இதோ நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோதே அது கடந்துபோனது. சரி, மண் இளகியிருக்கும், சக்கரம் புதையும். பெட்ரோல் பங்க் வந்தது. பங்க் வாசலில் நிறுத்தினால் திட்டுவார்கள். யார் திட்டுவார்கள், எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறார்... அப்போது டாஷ்போர்டில் போன் அடித்தது, ஈஸ்வரி. ஸ்பீக்கரில் போட்டார். லாரி நின்றுபோனதை அவன் சொல்லியிருக்கிறான், நைனாதான் வந்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறான்.

"நைனா, அவரு உன் பின்னாடிதான வராரு?"

ஆமாம்மா என்றார். அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னா நைனா? இரு, இந்தப் பக்கம் வெச்சுக்கிறேன்... ஆங், இப்ப சொல்லு."

வராரும்மா, பின்னாலதான் வராரு.

"காலைல நாஷ்டா துன்னாம போய்க்கீறாரு. பாத்து இட்டுக்கினு வா நைனா."

போனை நல்ல காதுக்கு மாற்றுகிற சரசரப்பு இன்னும் கேபினுக்குள் இருந்தது. பாத்து இட்டுக்கினு வா. நல்லபடியாகத்தான் இழுத்துக்கொண்டு வருகிறேன், ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், வண்டி என்ன செய்யும் என்று யார் சொல்ல முடியும், கம்ப்ரசர் இறுகிப்போவது உலகத்தில் நடக்காததா, கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும், எனக்கு எப்போது கேட்டது என்று யாருக்குத் தெரியும்... என்ன இது, என்ன நினைக்கிறோம் நாம்? இருபத்தாறு வயதில் அவள் தாலியில்லாமல், அந்த ஒரு காதோடு... ஆனால் அடி இல்லாமல். அடி இருக்காது. வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாவது முழு உடம்போடு இருப்பாள். ரோட்டோரம் கல்யாண மண்டபம் ஒன்று, வாசலில் லாரி நிற்கிற அளவுக்கு இடம், அதுவும் கடந்துபோய்விட்டது. தட்டல் இப்போது அடங்கவே இல்லை.

தாமரைப்பாக்கம் நெருங்கும்போது ஷேர் ஆட்டோ ஒன்று கையைக்கூடக் காட்டாமல் குறுக்கே புகுந்தது, பின்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் இவரைப் பார்த்தார்கள். மிதித்தார். யோசித்து மிதிக்கவில்லை. இழுவைத் தண்டு முனகியது, பின்னாலிருந்து ஒரு பெரிய ஓசை, கோயில் மணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தரையில் போட்டது போல, கம்பிகள்... ஆட்டோ விலகிப் போனது. கண்ணாடியில் பார்த்தார். ஸ்டியரிங்கில் கைகள் இல்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அவற்றைக் காணவில்லை. அப்புறம் இரண்டும் கீழேயிருந்து எழும்பி மறுபடி பிடித்துக்கொண்டன. பரசுராமன் கண்ணாடியிலிருந்து பார்வையைப் பிடுங்கிக்கொண்டார், எதற்காக என்று அவருக்கே புரியவில்லை, கைகள் இல்லாமல் போனதற்கா, திரும்ப வந்ததற்கா. முள் சரசரவென்று இறங்கியது, தட்டல் ஒரு கிறீச்சலாக நீண்டு சட்டென்று நின்றது. இப்போது சத்தமே இல்லை. இனி காற்று ஏறாது. பஸ்ஸர் அலற ஆரம்பித்தது.

எதிரே ஆற்றுப் பாலத்துக்கு ரோடு ஏறுகிறது. பாலம் தாண்டினால் இறக்கம். இறக்கத்தில் போனால்... போகவில்லை. கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துகொண்டது, பிரேக் பக்கம் போகவே இல்லை, ஏற்றம் தானாக வேகத்தைத் தின்னட்டும் என்று சும்மா இருந்தது, வண்டி தளர்ந்து, நடந்து, நகர்ந்து, நிற்கப்போகிற அந்த விளிம்பில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். குதித்து ஓடி, ஓரத்தில் கிடந்த கற்களைத் தூக்கி இரண்டு வண்டிச் சக்கரங்களுக்கும் அண்டை கொடுத்தார். மேல்மூச்சு வாங்கியது.

குணா இறங்கிவரவில்லை. இவர்தான் போய்க் கதவைத் திறந்தார். அவன் ஸ்டியரிங்கோடு ஒட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சீட்டுக்குப் பின்னாலிருந்த தகரத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு கம்பிகள் உள்ளே வந்திருந்தன, ஒன்று சீட்டின் முதுகைத் துளைத்துப் பஞ்சு வெளியே தொங்கியது. கையைப் பிடித்து இறக்கினார். அவன் கை சில்லென்று இருந்தது. கம்ப்ரசர் போயிடுச்சு மாப்ளே, என்றார்.

"தெரியும் மாமா," என்றான் குணா, தரையைப் பார்த்துக்கொண்டே. "என் வண்டில இன்ஜின் ஓடலியே, சத்திரத்தாண்டயே எனக்குக் கேட்டுச்சு. எடைமேடைல நிறுத்துவீங்கன்னு பாத்தேன். பங்க்ல நிறுத்துவீங்கன்னு பாத்தேன்."

"எனக்கு சரியா கேக்கல."

அவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஹார்ன் அடித்துக்கொண்டு வண்டிகள் விலகிப் போயின. குணா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கப் பார்த்தான், வாய்க்குப் போனதைவிடச் சட்டையில் சிந்தினது அதிகம், தாடை நடுங்கியது, மூடியைத் திருகக்கூட விரல்களுக்கு வரவில்லை. பரசுராமன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கப் பார்க்க நெஞ்சில் ஏதோ இளகி இறங்கியது, வெட்கமில்லாத ஒரு ஆறுதல், இருக்கட்டும், இனி கையை ஓங்கும்போது இந்தக் கம்பி ஞாபகம் வரும், நான் யாரென்று தெரியும், பயம் இருக்கும்...

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தான். ஈஸ்வரிதான், அவரால் எட்டிப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. கட் செய்தான். மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தான், நடுக்கம் நின்றுபோயிருந்தது, குரல் தாழ்ந்து தட்டையாக வந்தது, அவளிடம் பேசினாலும் கண் இவர் மேலேயே இருந்தது.

"வை. ஊட்டுக்கு வந்து பேசிக்கிறேன்."

பாலத்துக்குக் கீழே ஆற்று மணலில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பயத்தை அவன் இங்கேயே, இந்த ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகமாட்டான் என்பது இப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போவான். அங்கே போய் அவள் மேலே... அவனைத் தனியாக அனுப்பக்கூடாது, கூடவே போகவேண்டும், போய் என்ன செய்வது, எத்தனை நாள் கூடவே இருப்பது, என்ன சொல்லி அந்த வாசலில் உட்காருவது?