செவ்வாய் மதியம் பன்னிரண்டு

அச்சகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனுஷன். வினாத்தாளானாலும் மருந்துப் பெட்டி அட்டையானாலும் ஒரு புள்ளி விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டி கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தால்கூடச் சிவப்புப் பேனாவைத் தேடுவார். அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது, அவரே திருத்தி வாங்கிய காகிதம்தான்.

செவ்வாய்க்கிழமை. கார் ஷோரூமில் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் புது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பழைய வண்டியை மனைவி ஓட்டிக்கொண்டு வருவாள், அதை வாங்குகிறவர் இரண்டு மணிக்கு இங்கேயே வந்து எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு. பொழுது போகவில்லை. போனில் இன்சூரன்ஸ் காகிதத்தைத் திறந்தார்.

நேற்று அதை நாலு தடவை படித்தவர்தான். சேஸிஸ் நம்பரில் எட்டுக்குப் பதிலாக மூன்று விழுந்திருந்ததைப் பிடித்து, இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்ணிடம் சொல்லித் திருத்தி வாங்கினார். பெரிய சாதனைதான், போங்கள். நடுவில் இருந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை, அதனால் கண் அங்கே நிற்கவே இல்லை. இப்போதுதான் நின்றது. செவ்வாய் மதியம் பன்னிரண்டு மணி முதல் பாலிசி புது வாகனத்துக்கு மாறுகிறது. அந்த நேரத்திலிருந்து பழைய வாகனத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "கிளம்பறேங்க" என்று மனைவி செய்தி அனுப்பியது பன்னிரண்டு ஐந்துக்கு.

அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் போன வாரமே படித்துப் படித்துச் சொன்னாள். "வண்டி கை மாறுற வரைக்கும் ரெண்டையும் சேர்த்தே வெச்சுக்கங்க சார்." இவர்தான் பெரிய இவராட்டம், "ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கும்மா?" என்று சிரித்தார். காலையிலேயே புது வண்டி கைக்கு வந்து, பழையதும் கை மாறிவிடும் என்று நினைப்பு. இப்போது மனைவி லாரிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருப்பாள். யார் மேலாவது இடித்துவிட்டால்? அந்த ஆளுடைய ஆஸ்பத்திரிச் செலவு, அவர் குடும்பம், எல்லாம் இவர்கள் தலையில். குடியிருக்கிற வீட்டை விற்றாலும் போதாது.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எப்படி எடுப்பாள்? ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் இவர். சிவப்பு மையில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தார். அவளும் ஒரு நாள்கூட மீறியதில்லை.

இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அடித்தார். அதே பெண்.

"பழைய வண்டியையும் சேர்க்கணும்மா. இப்பவே, இந்த நிமிஷமே."

"சேர்த்துடலாம் சார். ரெண்டு நிமிஷம், லைன்லயே இருங்க."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. காதில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மனைவி கூப்பிடுகிறாள்.

அவள் கூப்பிடுகிறாள் என்றால் வண்டி நின்றிருக்கிறது. பாதி வழியில் வண்டி ஏன் நிற்க வேண்டும்?

"சார், ஒரே ஒரு கேள்வி," என்றாள் அந்தப் பெண். "பன்னிரண்டு மணியிலிருந்து இப்ப வரைக்கும் அந்த வண்டிக்கு விபத்து ஏதாவது நடந்திருக்கா? உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னா போதும். பேசறது பதிவாகுது."

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் சொல்வது பொய் ஆகாது. சொற்களோடு மல்லுக்கட்டியே பிழைத்தவர் அந்த மூன்று சொற்களைப் பிடித்துத் தொங்கினார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் நடக்கலம்மா."

மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தது. பிறகு நான்காவது தடவை.

"முடிஞ்சுது சார். பன்னிரண்டு முப்பத்தாறிலிருந்து ரெண்டு வண்டிக்கும் இருக்கு."

அப்பாடா என்று இருந்தது. அடுத்த மூச்சில் தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. மனைவியைக் கூப்பிட்டார்.

"நாலு தடவை அடிச்சேங்க," என்றாள்.

"என்ன ஆச்சு?"

"ஒரு ஸ்கூட்டர்க்காரர் குறுக்க வந்து விழுந்துட்டாரு. பிரேக்கை மிதிச்சுட்டேன், அவர் மேல படல. அவர் எழுந்து போயிட்டாரு. எனக்குத்தான் நெத்தி ஸ்டீயரிங்ல இடிச்சு ரத்தம் வருது. பாலத்துக்குக் கீழ ஓரமா நிறுத்தியிருக்கேன்."

"இதோ வர்றேன். அங்கேயே இரு."

"யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

ஷோரூம்காரங்க என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் போனதையும், அந்தப் பெண் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"நான் கூப்பிட்டது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தோணுச்சா?"

"தோணுச்சு."

ஷோரூம் பெண் சாவியைத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"சரி," என்றாள் மனைவி. "மெதுவாவே வாங்க. வண்டிக்குத்தான் எல்லாம் பண்ணிட்டீங்களே."

போனை வைத்துவிட்டாள்.