பேராமையின் பிறந்த வீடு

பிரிசில்லாவின் பையில் இருக்கும் சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊறுகாய்தான் இருக்கிறது என்று எதிர்வீட்டுச் சௌந்தரம் வெகுநாளாக நம்பியிருந்தாள். சிதம்பரத்தில் அந்தத் தெருவே நம்பியிருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஆமைத் தோலு, அத்தை. ஸ்பிரிட்ல போட்டு வெச்சிருக்கேன்.”

அன்றோடு அந்த வீட்டில் காப்பிப்பொடி இரவல் வாங்குவதைச் சௌந்தரம் நிறுத்திக்கொண்டாள். அதற்காக அந்த வீட்டில் யாரும் அழவில்லை.

பிரிசில்லாவின் கவலை வேறு. பெண் ஆமை தான் பிறந்த கரைப்பக்கமே போய் முட்டையிடும். அதனால் ஒவ்வொரு கரைக்கும் தாய்வழியாக வரும் மரபணு அடையாளம் ஒன்று உண்டு. பக்கத்துக் கடற்கரை ஊரான கிள்ளைப் பக்கம் கடற்புல் மேய வரும் பேராமையின் தோல் துளி கிடைத்தால், அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க, பல கரைகளில் முட்டையிடும் ஆமைகளின் தோல்கள் பாட்டிலில் தயார். மேய வரும் ஆமைதான் ஒன்றுகூட அகப்படவில்லை.

“பொண்ணு வீட்டு ஜாதகத்த மட்டும் வெச்சுக்கிட்டு யாருக்குப் பொருத்தம் பாக்கப்போற?” என்றார் அவளுடைய பேராசிரியர் மணவாளன். பாதிதான் கிண்டல். இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றவேண்டும்.

கிள்ளையில் வலையில் பேராமை ஏறாமல் இல்லை. ஏறினால் படகுக்கார அய்யனார் மறக்காமல் போன் போடுவார். ஆனால் அங்கே அது சாமி. மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, உடனே கடலில் விட்டுவிடுவார்கள். பிரிசில்லா பஸ் பிடித்துப் போய் இறங்கினால் தேங்காய் மூடிதான் மிஞ்சும். ஆராய்ச்சியில் அதுவரை விளைந்தது சட்னி.

“கொஞ்சம் இருக்க வெக்கக்கூடாதா, அண்ணே?”

“சாமிய காக்க வெப்பியான்னு ஒங்க அக்கா சண்டைக்கு வருதும்மா.” அக்கா என்பது அவர் மனைவி புஷ்பவள்ளி.

2010 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மறுபடி போன். செருப்பை மாட்டிய பிரிசில்லா சட்டென்று நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“அத்தை, இன்னிக்கு ராகு காலம் எப்ப?”

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பெண் ராகு காலம் கேட்டதில் சௌந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “பத்தரைலேருந்து பன்னண்டு!”

பத்தரை ஆகப்போகிறது. பிரிசில்லா போனை வைக்கவே இல்லை.

“அண்ணே, ராகு காலத்துலயா சாமிய அனுப்பப்போறீங்க?”

மறுமுனையில் புஷ்பவள்ளியின் குரல்: “அந்தப் பொண்ணுக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலியேய்யா! எடு அந்த ஈரச்சாக்க!”

பிரிசில்லா போனபோது ஆமை நிழலில், சாக்குக்கு அடியில், பொட்டும் மஞ்சளுமாகப் புறப்படத் தயாராக இருந்தது. வனத்துறை அனுமதியும் பிளேடும் அவள் பையில் எப்போதும் உண்டு. பின்துடுப்பின் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தாள்.

“சாமிக்கு வலிக்காதா?”

“காது குத்துறதவிடக் கம்மிதான், அக்கா.”

பருப்பளவு தோல் பாட்டிலுக்குள் போனது. பன்னிரண்டு தாண்டியதும் ஆமை கடலுக்குள் போனது.

பரிசோதனை முடிவு மழைக்காலத்தில் வந்தது. “ஒண்ணு போதாது, இன்னும் வேணும்” என்றார் மணவாளன். தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. பிரிசில்லா நேரே கிள்ளைக்குப் போய், அந்த ஆமைக்கு இலங்கைக் கரையின் அடையாளம் என்று சொன்னாள்.

புஷ்பவள்ளி முகவாயில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப சாப்பாடு நம்மகிட்ட, பிரசவத்துக்கு மட்டும் அம்மா வூடா?”

“அதேதான், அக்கா.”

“போன தையில பாசி புடிச்ச ஒடம்போட ஒண்ணு வந்துச்சே, அது எந்த வூட்டுப் பொண்ணு?”

“அதத்தான் விட்டுட்டீங்களே.”

“எல்லாம் இந்தாளு அவசரம்.” பழி அய்யனார் தலையில் விழுந்தது. அவர் வலையைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்த பேராமை ஏறியபோது நல்ல நேரம்தான். ஆனாலும் போன் போட்டது புஷ்பவள்ளி.

“சாமி சொகமா இருக்குது. எந்த ஊருன்னு தெரியாம நான் அனுப்பமாட்டேன். நீ மொள்ள வா.”