மேனேஜரின் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததால் அக்கா வீட்டில் பதினான்கு நாள் தங்கினேன். எழுதுவதற்கு எனக்குக் கிடைத்த இடம் சாப்பாட்டு மேசை. எதிரே பிரிட்ஜ். கதை அங்கேதான் நடந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. (இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், விடுங்கள், அப்புறம் நானே வருகிறேன்.)

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன்.

'மேனேஜருக்குப் பசித்தது.'

நல்ல வரிதான். ஆனால் படிக்கிறவர் ஏதோ ஆபீஸ் கதை என்று நினைத்துவிடுவார். மேனேஜர் என்பது அக்கா வீட்டு நாய். பழுப்பு நிறம், ஏழு வயது. யார் எந்த வேலை செய்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது. நடுவில் கொட்டாவி வேறு. பெயர் வைத்தது மாமா, அக்காவின் வீட்டுக்காரர்.

'பச்சை இறைச்சி தின்னும் நாய்க்குக் காய்கறியும் சத்துப் பொடியும் தேவையா என்ற கேள்வி, மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழத் தொடங்கிய நாள் முதலே—'

ஐயோ, போதும். எனக்குள் ஒரு கட்டுரைக்காரன் இருக்கிறான். அவனை உட்கார வைத்துவிட்டு வருகிறேன்.

மூன்றாவது ஆரம்பம்தான் நீங்கள் இப்போது படித்தது.

2

அக்கா பல் செட் செய்கிறவள். பின்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பாரிஸ் சாந்து என்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து அனுப்புவாள். ஒரு நூல் பிசகினாலும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு தாள் உண்டு, அதில் நாளுக்கு இரண்டு கட்டம்: 'செய்தவர்', 'பார்த்தவர்'. இரண்டிலும் கையெழுத்து விழாமல் லிஃப்டை ஓடவிட மாட்டார். வீட்டிலும் பிரிட்ஜ் கதவில் அதே மாதிரி ஒரு தாள், நூலில் கட்டிய பேனாவோடு. மேனேஜரின் சாப்பாட்டுக்கு.*

* சிரிக்காதீர்கள். நாய்க்கு வெறும் கறி மட்டும் போதாது என்று மேனேஜரைப் பார்க்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எலும்பு போடாத வீடு, அதனால் சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓட்டுப் பொடி தினம் ஒரு ஸ்பூன். வேகவைத்து மசித்த பூசணி, நைசாக அரைத்த கேரட். தாளின் தலைப்பில் டாக்டரம்மாவே கைப்பட எழுதிய வரி: 'பொடி அளவு மீறக்கூடாது.' கீழே இரண்டு கோடு.

சண்டை கேரட்டால் வந்தது. மாமா அரைத்த கேரட்டைக் கைக்குக் கிடைத்த ரப்பர் கிண்ணத்தில் போட்டுக் கலந்துவிட்டார். அது அக்கா பல் மாவு கலக்கும் கிண்ணம். மறுநாள் யாரோ ஒருவருடைய மேல்வரிசை அச்சு ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

"கழுவிட்டுதானே வெச்சேன்?" என்றார் மாமா.

"கழுவுன லட்சணம்தான் பல்லுல தெரியுதே! உங்க லிஃப்டுக்குள்ள உக்காந்து நான் கேரட் துருவுனா சும்மா இருப்பீங்களா?"

"ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு பேச்சா?"

"கிண்ணம் இல்லைங்க, அது என் வேலை. இனிமே இந்த வீட்ல நாய்க்குக் காய்கறி அரைக்கிற கூத்தே வேணாம். அது நாயா, மாடா?"

அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. காய்கறியும் நின்றது. பொடி மட்டும் நிற்கவில்லை.

3

இந்த இடத்தில் வெள்ளை மாவும் முட்டை ஓட்டுப் பொடியும் மாறிவிட்டதாக எழுதலாம். உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஒரு வரைவில் எழுதியும் பார்த்தேன்: 'அவள் அவசரத்தில் டப்பாவை—'

இல்லை. அக்கா டப்பாவை மாற்றுகிற ஆள் இல்லை. உப்பு டப்பாவுக்குக்கூட லேபிள் ஒட்டுகிறவள். நடந்தது அதைவிட எளிமையானது.

எனக்கு விடிந்தும் விடியாததுமாகத்தான் எழுத்து ஓடும். அந்த நேரத்தில் மாமா வேலைக்குக் கிளம்புவார். கிளம்புமுன் பிரிட்ஜைத் திறந்து, கறிக் கிண்ணத்தில் கும்பாச்சியாகக் குவித்து ஒரு ஸ்பூன் பொடி போட்டுக் கிளறி மூடுவார். பேனாவை எடுப்பார். யோசிப்பார். விட்டுவிடுவார். கையெழுத்துப் போட்டால் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடுமே!

எட்டு மணிக்கு அக்கா வருவாள். தாளைப் பார்ப்பாள். கட்டம் காலி. "என் மேல கோவம்னா நாய் என்ன பண்ணுச்சு?" என்று முணுமுணுத்தபடி தானும் ஒரு ஸ்பூன் போடுவாள், மட்டமாகத் தட்டி, அளந்து. அவளும் கையெழுத்துப் போடமாட்டாள். அவர் போடாதபோது இவள் மட்டும் எதற்குப் போடவேண்டும்?

மேனேஜர் உட்கார்ந்து இரண்டு பேரையும் மேற்பார்வை பார்த்தது.

(சிரித்தீர்கள்தானே? நானும் சிரித்தேன். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, இரண்டு பிடிவாதம், ஒரு கிண்ணம். கதை எழுதுகிறவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?)

4

சண்டையின் ஒன்பதாம் நாள் மதியம் மேனேஜர் பின்வாசலில் குறுகி நின்று முக்கியது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இரண்டு துணுக்கு விழுந்தது, அவ்வளவுதான். முக்கி முக்கி அப்படியே படுத்துவிட்டது. கிண்ணத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு அழ ஆரம்பித்தது. நாய் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

கையெல்லாம் மாவோடு அக்கா போனை எடுத்தாள். ஒன்பது நாளில் அவரிடம் பேசிய முதல் பேச்சு: "ஏங்க, மேனேஜர் எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

மாமா ஒரு லிஃப்டைப் பாதி வேலையில் பூட்டிப்போட்டுவிட்டு, யார் கையெழுத்தும் வாங்காமல் ஓடிவந்தார்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. எனிமா கொடுத்துப் பாக்குறேன். இறங்கலைன்னா வயித்தைத் திறக்கணும். பொடி எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு ஸ்பூன்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அப்புறம் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ போட்டியா?"

"அப்ப நீங்களும் போட்டீங்களா?"

"காய்கறி?" என்று கேட்டார் டாக்டரம்மா. அது நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மாமா மேனேஜரின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "என்னாலதான்." அக்கா அவர் தோளைப் பிடித்தாள். "இல்லைங்க, நான்தான்." எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. வேறொன்றை மறைத்தேன்.

முடிவு ஒன்று: மேனேஜர் செத்துப்போகிறது. எழுத உட்கார்ந்தேன். 'அன்று மாலை அது—' அதற்குமேல் கை ஓடவில்லை.

முடிவு இரண்டு: மாலைக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டது. வீட்டில் பூசணி வேகிற வாசனை, புருஷன் பெண்டாட்டி சமாதானம். இது உண்மையிலேயே நடந்தது. நடந்ததை எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் திரும்பி வரும்போது, கார் முன்சீட்டிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "நீ அங்கயேதானேடா உக்காந்திருந்தே? ஒரு நாள்கூடவா கண்ணுல படல?"

"இல்லக்கா. எழுதிட்டிருந்தேன்."

எழுதிக்கொண்டுதான் இருந்தேன். என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது: 'சண்டையின் மூன்றாம் நாள். இரண்டு பேரும் போடுகிறார்கள். ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது. அருமை!'

அந்த ஆச்சரியக்குறியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கே "அக்கா, மாமா போட்டுட்டார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கதையும் இருந்திருக்காது.

5

இன்று கதையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் எப்போதும் அவள்தான். அடுப்பில் பூசணி. கேரட் அரைக்க மாமா தனியாக ஒரு கிண்ணம் வாங்கி, அதன்மேல் 'பல் அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறார்.

பிரிட்ஜ் கதவில் புதுத் தாள். பக்கத்திலேயே பழைய தாளும் தொங்குகிறது. அந்த ஒன்பது நாளுக்கும் 'செய்தவர்' கட்டத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே கட்டத்தில் இரண்டு. 'பார்த்தவர்' கட்டம் மட்டும் காலி.

"காலிக் கட்டத்தைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு மாப்ள" என்றார் மாமா. "லிஃப்டா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்."

"யாரும் பாக்கலைங்க, விடுங்க" என்றாள் அக்கா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டினாள். "குடுடா கதையை. மேனேஜரைப் பத்தி நல்லதா எழுதியிருக்கியா?"

நான் பார்த்ததாக வரும் பக்கங்களை உருவிவிட்டும் கொடுக்கலாம். கதை சின்னதாகும், சுகமாகவும் இருக்கும். அல்லது அந்தப் பேனாவை எடுக்கலாம், நூல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்குகிறது. இரண்டில் எதைச் செய்தேன் என்று நான் எழுதப்போவதில்லை.

என்னைத் திட்ட வாயெடுத்திருப்பீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒன்று. அளவு மீறக்கூடாது என்ற வரியை இரண்டாம் பகுதியிலேயே நீங்களும் படித்தீர்கள். மூன்றாம் பகுதியில் இரண்டு ஸ்பூன் விழுவதையும் பார்த்தீர்கள். அப்போது உங்களுக்கு நாய் ஞாபகம் வந்ததா, இல்லை, அடுத்து என்ன ஆகும் என்றுதான் இருந்ததா?

'பார்த்தவர்' கட்டமும் கொஞ்சம் அகலமானதுதான், நெருக்கிப் போட்டால் இரண்டு கையெழுத்து கொள்ளும். மேனேஜர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. சொல்லுங்கள், யார் முதலில் போடுவது?