தேர்ச் சீட்டு

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட். மிளகு பறிக்க ஏணியில் ஏறிய சின்னன் சில்வர் ஓக் மரத்திலிருந்து தவறி விழுந்தபோது காலை பத்து மணி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பேச்சு மட்டும் இருந்தது. அவன் பெண்டாட்டி கண்ணாயி எஸ்டேட் கணக்கு பார்க்கும் ரைட்டர் தேவசிகாமணியின் ஆபீசுக்கு ஓடினாள். ஷெட்டில் ஜீப்பு நின்றிருந்தது.

"சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணுங்க ரைட்டரய்யா. ஜீப்பைக் குடுங்க."

"மொதலாளி ஊட்டு விருந்தாளிங்களுக்கு நிறுத்தி வெச்சிருக்குது. பஸ்ஸு வரும், போ" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

நாலு பேர் சின்னனைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பஸ் வருவதற்குள் அவள் மடியிலேயே அவன் உயிர் அடங்கிப்போயிற்று.

அதன்பின் கண்ணாயியைப் பங்களா வேலைக்குப் போட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி தனியாக இருந்தாள். காலைக் காப்பியோடு படச் சீட்டுக் கட்டைக் கலைத்து ஒன்றை உருவிப் பார்ப்பது அவள் வழக்கம். டாரட் என்பாள். "நாளுக்கு ஒண்ணுதான். காலையில எடு, சாயங்காலம் யோசி. ஒருநாளும் விடாதே" என்பாள். காப்பி ஊற்றிக்கொண்டே கண்ணாயி எழுபத்தெட்டுப் படத்துக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எண்பத்தொன்றாம் வருஷம் துரைசாணி ஆஸ்திரேலியாவுக்கு மகளிடம் போய்விட்டாள். சீட்டுக் கட்டு கண்ணாயியிடம் தங்கியது. பூட்டிய பங்களாவின் பின்வராந்தாவில் தினமும் முகம் கழுவியதும் ஒரு சீட்டு எடுப்பாள்.

ஒருநாள் தேவசிகாமணி அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணாயி, குறி சொல்றியா? எனக்கு ஒண்ணு எடு பாக்கலாம்."

சூரியன் படம் வந்தது. அவர் மகனுக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து கடிதம் வந்திருப்பதைத் தபால்காரர் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "புள்ளைக்கு நல்ல சேதி வருதுங்க" என்றாள்.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும். எஸ்டேட் சங்கதி அத்தனையும் அவள் அடுப்படி வழியாகத்தான் போய்வரும். டிரைவர் சொல்லுவான், காவல்காரன் சொல்லுவான். அவள் சொன்னதில் பத்துக்கு எட்டு பலித்தது. மாதாகோயிலுக்குப் போகும் முன்னாலும் அவர் பங்களாவுக்கு வந்து நின்றார். 'ஏய் கண்ணாயி' போய் 'கண்ணாயம்மா' ஆயிற்று.

அவளுக்கு அவசரமில்லை. எந்தச் சீட்டு வேண்டுமென்று முடிவு செய்துவிட்டாள். திருட்டுத்தனமாக எடுத்து வைக்கவும் அவளுக்கு மனசில்லை. தானாக வரட்டும், வருகிற அன்றைக்கு விடுவதில்லை என்றிருந்தாள். கலைக்கும்போதெல்லாம் சின்னனின் தலைப்பாரம் மடியில் தெரிந்தது.

ஏழு மாதம் கழித்து ஒரு ஐப்பசிக் காலையில் அது வந்தது. தேர் மேல் நிற்கும் ராஜா. அதற்கு ஜெயம் என்று துரைசாணி சொல்லியிருந்தாள். கண்ணாயி முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"வண்டி ஏறாதீங்க ரைட்டரய்யா. ஏறுனா உசுரோட எறங்க மாட்டீங்க."

அன்றைக்கே அவர் இல்லாமல் போன ஜீப்பு சேற்றில் வழுக்கி ஓடைக்குள் சாய்ந்தது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நடப்பதுதான். டிரைவருக்குக் கீறல்கூட இல்லை. தேவசிகாமணி மட்டும் வெளுத்துப்போய் வந்தார்.

"எத்தனை நாளைக்குங்க கண்ணாயம்மா?"

"சீட்டு சொல்ற வரைக்குமுங்க."

அவர் நடந்தார். ஒண்டிக்கடை, வெள்ளக்கடை என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நடந்தார். சேலத்துக்குக் காப்பி லோடு போகும்போது கூடப் போகவேண்டியவர், காய்ச்சல் என்றார், வயிற்றுவலி என்றார். எஸ்டேட் பிள்ளைகள்கூடப் பின்னால் வந்து வாயாலேயே ஹாரன் அடித்துச் சிரித்தன. தினமும் காலையில் கேட்பார், கண்ணாயி தினமும் வேண்டாமென்று தலையை ஆட்டுவாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு முதலாளி வேறு ரைட்டரைக் கொண்டுவந்தார். குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

புறப்படும் காலையில் தேவசிகாமணி கடைசியாக வந்தார். "இன்னிக்காவது பஸ் ஏறலாமுங்களா?"

கண்ணாயி கட்டிலிருந்து அந்தத் தேரைத் தேடி எடுத்து அவர் முன் வைத்தாள். "இதுக்கு அர்த்தம் ஜெயமுங்க. வண்டியுமில்லை, சாவுமில்லை. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"சின்னனுக்கு."

"எந்தச் சின்னன்?"

அதுவரை ஒரு ஓரத்தில் அவளுக்குக் கூச்சம் இருந்தது. அந்தக் கேள்வியோடு அது எரிந்துபோயிற்று. "மரத்துலருந்து விழுந்தவனுங்க. ஜீப்பு ஷெட்டுல நின்னுச்சு. பஸ்ஸு வரும் போன்னீங்க."

அவர் வாயைத் திறந்தார். மன்னிப்பு வந்ததோ, வராமல் போனதோ. அவள் சீட்டுகளை வாரிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ரோட்டில் பஸ் வந்தது. பெட்டிகளோடு அவர் மனைவி இன்பமேரி ஏறி உட்கார்ந்தாள். அவர் படியில் ஒரு காலை வைத்தார். கம்பியைப் பிடித்தார். "பொய்யின்னு தெரியுது, தெரியுது" என்று முணுமுணுத்தார். காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். இன்பமேரி அழுதாள், கண்டக்டர் திட்டினான். பஸ் அவரில்லாமல் கிளம்பியது. குடையை விரித்துக்கொண்டு அவர் சேலத்தை நோக்கி மலை இறங்கத் தொடங்கினார்.

ரோட்டோரம் கண்ணாயியோடு நின்று பார்த்த எஸ்டேட்காரி முத்தாயி, "பாவம் புள்ள அந்த மனுசன்" என்றாள்.

"பாவந்தானக்கா" என்றாள் கண்ணாயி. "ஆனா எனக்கு இன்னும் போதலை."