பெரிய டாக்டரின் மூக்கு

அந்த மாதம் நான்காவது தையலும் சீழ் பிடித்துப் பிரிந்ததும் அறுவை வார்டில் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. கட்டுப் போடும் நர்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். "கை சுத்தமில்லை" என்று பெரிய டாக்டர் எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை விசாரணை. பதினெட்டு வருஷ வேலை அன்றோடு போய்விடும் என்பது வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்த சங்கதி.

மாடியில் லேப் பார்ப்பவள் அந்த நர்ஸின் நாத்தனார். அண்ணி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"நாலு பேர் சீழையும் வளர்த்துப் பாத்துட்டேன் அண்ணி. நாலும் ஒரே கிருமி. எந்த மருந்துக்குச் சாகுது, எதுக்கு அசையலங்கறதுகூட அச்சு அசலா ஒண்ணு."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"யார் மூக்குலயோ குடியிருக்கு. மூணு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும். அவங்களுக்கு ஒரு தும்மல்கூட வராது. விரல்ல ஒட்டிக்கிட்டுப் புண்ணுக்குப் போனாதான் ஆட்டம் ஆரம்பம்."

"என் மூக்கா இருந்தா?"

"இருக்குன்னு எழுதுவேன்."

"நாத்தனார்னு காட்டிட்ட பாத்தியா" என்று அண்ணி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வார்டில் எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்க லேப்காரி அனுமதி கேட்டாள். பெரிய டாக்டருக்கு யோசனை பிடித்துப்போனது. அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் அது விழாவாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை மேடை, மைக், போட்டோகிராபர் எல்லாம் ஆஜர். கிருமிகளைப் பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே யோசிக்கும்போதெல்லாம் ஆள்காட்டி விரல் மூக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் தியேட்டரிலும் மாஸ்க் அவருக்கு மூக்குக்குக் கீழேதான்; மூளைக்குக் காற்றோட்டம் வேண்டுமாம்.

"முதல் மாதிரி என்னுடையது! மற்றவர்களைப் போலவே சோதித்து, முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்!"

கைதட்டல் ஓய நேரமானது. குச்சியை மூக்கில் விட்டுப் போட்டோவுக்கு நின்றார். இறங்கும்போது அதை லேப்காரியிடம் நீட்டி, "தூக்கிப் போட்டுடும்மா, சும்மா போட்டோவுக்குத்தான்" என்றார்.

மைக்கில் சொன்னதைக் கேட்பதா, மைக் இல்லாமல் சொன்னதைக் கேட்பதா? அவள் விசுவாசமான ஊழியர். இருநூறு பேர் முன்னால் போட்ட உத்தரவை மீற அவளுக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை விசாரணை மேசையில் அவள் கிருமி வளர்த்த கல்ச்சர் தட்டுகளைப் பரப்பினாள். சீழில் வளர்ந்தவை நான்கு ஒரு பக்கம். மூக்குகளில் எடுத்தவை பதினான்கு இன்னொரு பக்கம். பேர் இல்லை, எண் மட்டும். அண்ணி நாற்காலி நுனியில் இருந்தாள்.

"தள்ளும்மா, இதெல்லாம் அனுபவக் கண்ணுக்குத்தான் தெரியும்" என்று பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு தட்டில் நின்றார். அதே பொன்னிறப் புள்ளிகள், மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்த அதே வளையங்கள்.

"இதோ. சந்தேகமே இல்லை. இந்த ஒண்ணாம் நம்பர்தான் நாலு பேரையும் கெடுத்திருக்கான். நர்ஸம்மாவை விட்டுடுங்க, பாவம். யாருய்யா இந்த ஆளு? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க."

லேப்காரி பட்டியலைத் திறந்து அவர் முன் வைத்தாள்.

அவருடைய விரல் பழக்கத்தில் மூக்கை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் நின்றது.

"வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேணாம் சார்" என்றாள் லேப்காரி. "மூக்குல இருக்கறது யார் தப்பும் இல்ல. அஞ்சு நாள் ஆயின்ட்மென்ட் தடவினா காலியாயிடும். அதுவரைக்கும் தியேட்டர் வேணாம். அப்புறம் மாஸ்க்கை மேல போடணும், கை கீழ இருக்கணும்."

உத்தரவுப்படி முடிவு நோட்டீஸ் போர்டில் ஏறியது. அன்று மத்தியானம் அதற்கு முன்னால் நின்ற கூட்டம் விழாவுக்கு வந்ததைவிடப் பெரிது. அடுத்த மாதம் வார்டில் இருபத்தாறு தையல்கள், ஒன்றுகூடப் பிரியவில்லை.

அந்த ஐந்து நாள் ஆயின்ட்மென்ட் தடவும் வேலை கட்டுப் போடும் நர்ஸுக்கே வந்தது. தினம் இரண்டு வேளை, வார்டு நடுவில், நோயாளிகள் எல்லாரும் பார்க்க.

"தலையை நிமித்துங்க சார்" என்பாள் அண்ணி. "இன்னும் கொஞ்சம். கையை எடுங்க."