ஐந்தாவது பை

நான்கு பைகளைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஐந்தாவது, விழுப்புரம் நேருஜி ரோட்டில் துரைக்கண்ணுவின் கடை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. செல்வகுமார் அதன் வாரை இழுத்தான். பக்கிளைச் சொடுக்கினான். அடியில் கைவிட்டுத் தையலைத் தடவினான். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான்.

அவன் மனைவி கலைமதி கடை வாசலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தாள். கையிலிருந்த செல்போனில் ரஞ்சித் காலையில் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. 'சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேக் ரெடின்னு போட்டோ வரணும். இல்லன்னா ரிசர்வ்ல இருக்கிற பையனைக் கூட்டிக்கினு போயிடுவேன். நாளைக்கு டிரெயின்.'

ரஞ்சித் சென்னை மலையேற்றக் குழுவின் தலைவர். கறாரான மனிதர். இமாச்சலத்தில் ஒரு பனிச் சிகரம், அதுவும் குளிர்காலத்தில். போகிறவர்கள் ஆறு பேர். கூடாரமும் கயிறும் குழு தரும். முதுகுப்பை மட்டும் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி அவரவரே கொண்டுவர வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருத்தி, விழுப்புரத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓட்டமும் கபடியும் கற்றுத்தரும் கலைமதி. போன வருஷமும் அழைப்பு வந்தது. கல்யாணத் தேதி குறுக்கே வந்து நின்றது, விட்டுக்கொடுத்துவிட்டாள். இரண்டு முறை வராதவளை மூன்றாம் முறை எவன் கூப்பிடுவான்?

"இன்னா சார், பிடிச்சிருக்குதா இல்லையா?" என்றார் துரைக்கண்ணு. "பொண்ணு பாக்கப் போனப்பகூட இத்தினி கொறை சொல்லியிருக்க மாட்டீங்க போல."

"அப்ப ஒரு கொறையும் சொல்லலீங்க" என்றாள் கலைமதி. "காப்பியக் குடிச்சாரு, சரின்னுட்டாரு. பேக்குன்னாதான் இந்தப் பாடு."

செல்வகுமார் சிரிக்கவில்லை. "தையல் நல்லாத்தான் இருக்குது. பக்கிள் பிளாஸ்டிக்காச்சே. குளிர்ல இன்னா ஆவும்னு தெரியணும். எங்க கம்பெனி ஐஸ் ரூம்ல ஒரு ராத்திரி போட்டுப் பாத்துடலாம்."

"ராத்திரியா? அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்ங்க!"

"அவசரப்பட்டா ஆவுமா, மதி?"

இதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை. முதல் பையை அவளேதான் ஆசைப்பட்டு வாங்கினாள். முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை. காற்று புகும், வேர்க்காது. விழுப்புரத்து வெயிலில் நின்றுகொண்டு வேறு எதைத் தேர்ந்தெடுப்பாள்? "அந்த வலைக்குள்ள பனி போய் அடைச்சிக்கினு கல்லாயிடுமே" என்றான் செல்வகுமார். சரிதான். இரண்டாவது பையில் எங்கே பார்த்தாலும் ஜிப். தடித்த கையுறை போட்டுக்கொண்டு அந்தக் குட்டி ஜிப்பை எப்படிப் பிடிப்பது? அதுவும் சரி. மூன்றாவது அண்டா மாதிரி இருந்தது. மாமியார் பாஞ்சாலி, "இடம் சும்மாத்தானே கெடக்குது" என்று கேப்பை மாவு, முறுக்கு, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் திணித்த பிறகுதான் அதன் ஆபத்து தெரிந்தது. நான்காவது அவள் முதுகைவிட நீளம். இடுப்புப் பட்டை வயிற்றில் உட்கார்ந்தது. பாரம் முழுக்கத் தோளில் தொங்கியது. கெடாரில் மாமனார் கண்ணையன் நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலையை அதில் நிரப்பி, மயிலம் மலைப்படி ஏறி இறங்கியதில் தோள்பட்டை தோலுரிந்து போனது.

அன்றைக்குப் படியோரம் பூ விற்கிற குப்பம்மாள் வாய்மேல் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னாம்மா வேண்டுதல் இது? காவடி தூக்குவாங்க, பால்கொடம் தூக்குவாங்க. மூட்டை தூக்கறத இப்பத்தான் பாக்கறேன்."

"மலை ஏறப் போறேங்க. அதுக்குப் பழகறேன்."

"அதான் ஏறிட்டியே! எறங்கு."

அதை நினைத்தால் மற்ற நாளில் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

"எடுத்துக்கினு போய்ப் பாருங்க. பிடிக்கலன்னா கொண்டாங்க" என்று துரைக்கண்ணு பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். சாம்பல் நிறம். மேலே ஒரு மூடி, பக்கத்துக்கு இரண்டு வார், பனிக்கோடாலி மாட்ட ஒரு வளையம். வேறு அலங்காரம் கிடையாது.

பைக்கில் திண்டிவனம் திரும்பும்போது முதுகில் காலிப் பை காற்றில் உப்பிப் படபடத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினார்கள். லாரிகளுக்கு நடுவே செல்வகுமார் புகுந்து புகுந்து ஓட்டினான். கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குத் திரும்புகிற பேருந்து ஒன்று குறுக்கே வர, சட்டென்று பிரேக் பிடித்தான். பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. தூங்காத முகம்.

"ஒண்ணு கேக்கறேன். ஆறாவது பேக்ல இன்னா கொறைன்னு இப்பவே யோசிச்சு வெச்சிட்டீங்களா?"

முன்னால் போன லாரிக்கு வேண்டாத ஹாரன் அடித்தான்.

வீட்டில் நுழைந்து ஸ்லீப்பிங் பேக், பூட்ஸ், பிளாஸ்க், கையுறை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு நேராக ஐஸ் கம்பெனிக்குப் போனார்கள். மரக்காணம் படகுகளுக்குப் பார் ஐஸ் அனுப்புகிற கம்பெனி அது. செல்வகுமார் அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். பனிமலையைப் பார்த்ததில்லையே தவிர, குளிர் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தினசரிப் பாடம்.

ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த விருத்தாசலம் நிமிர்ந்து பார்த்தார். "ஐஸ் வாங்கவா வந்தீங்க? இம்மாம் பெரிய பையில?"

"பை வாங்கத்தான் ஐஸ்கிட்ட வந்திருக்கோம், அண்ணே" என்றாள் கலைமதி.

கலைமதி சாமான்களைப் பையில் அடைத்தாள். பையின்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். மலையில் பை நனையும், நனைந்தது உறையும். செல்வகுமார் அதைக் குளிரறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். "ராத்திரி பூரா இருக்கட்டும். காலையில பாத்துச் சொல்றேன்."

காலையில். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் ஏதாவது ஒரு பக்கிள் விரிசல் விட்டிருக்கும். அதற்குள் ரஞ்சித் ஆளை மாற்றியிருப்பார். அவன் தேடுவது நல்ல பையை அல்ல, நல்ல குறையை.

அவள் ஜாக்கெட்டை மாட்டினாள். உள்கையுறை, அதன்மேல் தடித்த கையுறை. மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற ஊர்தான். ஆனாலும் உச்சி வெயிலில் இந்தக் கோலத்தைப் பார்த்து லோடு ஏற்றியவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

"எங்க போற?" என்றான் செல்வகுமார்.

"பை மட்டும் தனியா உள்ள கெடந்து இன்னா தெரியப்போவுது? நானும் அதுவும் சேந்துதானே மலைக்குப் போறோம். கொஞ்ச நேரம் உறையட்டும், அப்புறம் நானே போய்த் திறக்கறேன். கையுறையைக் கழட்டாம எல்லாத்தையும் எடுத்து, திரும்ப அடைச்சி, மாட்டிக்கினு வெளிய வந்தா இதுதான் பேக். கழட்டினா நான் தோத்தேன். அஞ்சு மணிக்கு நானே ரஞ்சித்துக்கு வரலைன்னு சொல்லிடறேன். சரியா?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார முடியாமல் மூன்று முறை எழுந்து போய்ப் பையைப் பார்த்துவிட்டு வந்தான்.

மூன்று மணிக்கு மேல் கலைமதி பனிக்கோடாலிக்குப் பதிலாக விருத்தாசலத்தின் கொக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவைச் சாத்துங்க."

"தெறந்தே இருக்கட்டும் மதி."

"தெறந்திருந்தா குளிர் எப்பிடி நிக்கும்? இன்சார்ஜ் நீங்கதானே!"

கதவு நகர்ந்தது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஐஸ் பாளங்கள் கண்ணாடிச் சுவர் போல அடுக்கியிருந்தன. அவள் மூச்சு புகையாய்ப் போனது. பை விறைத்து, தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் வந்தது. கொக்கியை வளையத்தில் மாட்டினாள், நின்றது. பக்க வாரைத் தளர்த்தினாள், வந்தது. பக்கிள்? கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக். விரிசல் இல்லை. மூடியைத் தூக்கினாள். அவளுக்கு உற்சாகம் பிறந்தது.

உள்வாயைச் சுருக்கும் கயிற்றில்தான் வினை வந்தது. அதைப் பிடித்திருக்கும் பூட்டு சுண்டைக்காய் அளவு, ஐஸ் பூத்திருந்தது. தடித்த விரல்கள் வழுக்கின. மறுபடி. மறுபடி. பல்லால் கடித்து இழுத்தாள். உதடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. வெளியே மணி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நிமிஷம் வலது கையுறையைக் கழற்றினால் போதும். யாருக்குத் தெரியும்? இடது கை வலது மணிக்கட்டுக்குப் போனது.

கதவு படாரென்று திறந்தது. வெறும் சட்டையோடு செல்வகுமார் உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "கழட்டாத!"

"நான் கழட்டலை. எட்டிப் பாத்துக்கினா இருந்தீங்க?"

அவனுக்குப் பின்னாலிருந்து விருத்தாசலம்தான் பதில் சொன்னார். "கதவச் சாத்தவே இல்லம்மா. வெரக்கடை இடுக்கு வுட்டு, புடியப் புடிச்சிக்கினே நின்னாரு. ஆடி மாசம் நான் உள்ள மாட்டிக்கினேன் இல்ல? கதவு ஜாமாயி. சார்தான் ஒடைச்சி இழுத்துப் போட்டாரு. என் வெரலு மடங்கவே இல்ல அன்னிக்கி. அதுலேர்ந்து சாருக்கு இந்தக் கதவுன்னாலே பேஜாரு."

கலைமதிக்கு இது புதுச் செய்தி. ஆடியில் ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்து, வெந்நீர் மட்டும் கேட்டு, இரண்டு கையையும் அதில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அலுப்பு என்று நினைத்திருந்தாள். முதல் பை வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

"போவாதன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நின்னுடுவ. போன வருஷம் நின்னியே." அவன் பையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அப்புறம் ஆயுசுக்கும் என்னால நின்னதாத்தானே இருக்கும்? அதான் நான் சொல்ல வேணாம், பேக்கு சொல்லட்டும்னு."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இப்ப பேக்கு இன்னா சொல்லுது?"

"இதுலயும் கொறை இருக்குது. இந்தப் பூட்டு" என்றான்.

ஆறாவது பை, என்று அவள் நினைத்தாள். முடிந்தது.

செல்வகுமார் கொக்கியைக் கழற்றி எடுத்தான். அதன் பிடியில் சுற்றியிருந்த நீல நைலான் கயிற்றை அவிழ்த்தான். "ஜல்தியா ஒரு கத்தி குடுங்கண்ணே." ஒரு சாண் அறுத்து, பூட்டின் துளையில் கோத்து, தடித்த கையுறையின் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வளையம் போட்டு முடிந்தான். குளிர் விரல்களைக் கடித்தது, முடிச்சு தப்பவில்லை.

"அண்ணே, கதவச் சாத்துங்க. புடிய நீங்க புடிச்சிக்கங்க."

"நீங்க உள்ளயா சார்?"

"உள்ளதான்."

இந்த முறை கதவு முழுசாகச் சாத்தியது. அவன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். கலைமதி வளையத்தில் விரலை விட்டு இழுத்தாள். ஐஸ் உதிர்ந்தது, வாய் திறந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள், திரும்ப அடைத்தாள், மூடினாள், முதுகில் ஏற்றி இடுப்புப் பட்டையை இறுக்கினாள். பாரம் இடுப்பில் சமமாக உட்கார்ந்தது.

"தட்டு, தட்டு, கதவத் தட்டு" என்றான் அவன், பற்கள் கிட்டிக்கொள்ள.

ஐந்து மணிக்குச் சற்று முன்பாகப் புகைப்படம் போனது. 'ஓகே. அந்த நீலக் கயிறு எந்த கம்பெனி?' என்று ரஞ்சித் கேட்டிருந்தார். 'ஐஸ் கம்பெனி' என்று பதில் அடித்தாள்.

துரைக்கண்ணு செல்வகுமாரைக் கூப்பிட்டார். "இன்னா சார், இதுவும் ரிட்டர்ன்தானே?"

"இல்ல துரைக்கண்ணு, எடுத்துக்கினோம்."

"கொறையே இல்லியா!"

"இருக்குது. எங்கன்னு தெரிஞ்சிபோச்சு."

போனை வைத்துவிட்டு அவன் மறுபடி பையருகே குனிந்து அந்த முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். விட்டான். திரும்ப வந்து இழுத்தான்.

"மேல இன்னொரு முடிச்சு போட்டுடட்டுமா, மதி?"

"போடுங்க" என்றாள் கலைமதி. "ஆனா நான் திரும்பி வந்து அவுக்கறாப்பல போடுங்க."